கியூபாத் பாவிச்சுப் பாத்தன், ஈரல் ஸ்லைட் வெட்டுற ஆளிட ரிவியூ

திருகோணமலையில ஒரு லெப்பில மைக்ரோடோம் (திசுவ மெல்லிசாச் சீவுற மெசின்) சுத்துறதுதான் நம்மட வேலை. ஈரல் பயொப்சி வந்தா மெழுகுல பதிச்சு 4 மைக்ரோன் தடிப்பில வெட்டி சாயம் போட்டுக் குடுப்பம், வாசிச்சு நோய் சொல்லுறது எங்கட பதோலஜிஸ்ட் மேடம். கம்பியூட்டர் ஸ்லைட்டப் பாத்து கான்சர் சொல்லுதாம் எண்டு எல்லாரும் கதைக்கிறாங்க, சரி ஒருக்கா செஞ்சுதான் பாப்பமே எண்டு ஸ்லைட் படத்த அளந்து எண்ணுற கியூபாத் எண்ட சொப்ட்வெயார இறக்கினன், ஆறு மாசமாச்சு.

ஒரு சதம் செலவில்ல, முழுக்க ஃப்ரீ. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் யூனிவர்சிட்டியில தொடங்கினது, 2017ல அதப்பத்தி கட்டுரை வந்துச்சு, இப்ப எடின்பரோவில இருந்து கொண்டு போறாங்க. ஸ்லைட்டப் படமாக்குற ஸ்கேனர் இல்லையே எண்டு யோசிக்க வேணாம், டிசிஜிஏ எண்ட அமெரிக்கத் தொகுப்பில ஈரல் கான்சர் ஸ்லைட் சும்மாவே எடுக்கலாம். சிலது ஒரு ஜீபிக்கும் மேல போகும், ராவு டேட்டாவில போட்டுட்டுப் படுத்துருங்க.

செல் டிடெக்ஷன குடுத்தா நியூக்ளியஸ் (செல்லிட கரு) ஒவ்வொண்டையும் சிவப்புக் கோட்டால வளைச்சு எண்ணிக்கை, பரப்பளவு எல்லாம் கொட்டும். ஈரல் கான்சர்ல நியூக்ளியஸ் பெருத்து செல் எல்லாம் நெருங்கி வரும்தானே, கண்ணுக்கு "கொஞ்சம் நெருக்கம் போல" எண்டு படுறது இங்க இலக்கமா வந்து நிக்குது. முதல் நாள் சரியான புழுகம் எனக்கு.

பிறகு லெப்பில கிடந்த பழைய படிப்பு ஸ்லைட் ஒண்ட மைக்ரோஸ்கோப் கெமராவில எடுத்துப் போட்டன். பிக்சலுக்கு எத்தின மைக்ரோன் எண்டு குடுக்க மறந்துட்டன், வந்த அளவு ஒண்டும் ஒண்டோட பொருந்தல்ல. அத சரி பண்ணினா ஒரு மூலையில மட்டும் நியூக்ளியஸ் குவியலா நிக்குது, ஆகா கான்சர் எண்டு பெரிசாக்கிப் பாத்தா நான் வெட்டேக்க விழுந்த மடிப்பு! மடிஞ்ச இடத்தில சாயம் ரெண்டு மடங்கு இருண்டு கிடக்கு, சொப்ட்வெயாருக்கு என்ன தெரியும். வெக்கமாப் போச்சு. அண்டையில இருந்து வோட்டர் பாத்தில (சுடுதண்ணித் தட்டு) வெட்டின மெழுகுப் பட்டி சுருங்காம விரியுதா எண்டு ரெண்டு தரம் பாத்துட்டுத்தான் ஸ்லைட்டில ஏத்துறன். உண்மையச் சொன்னா இந்த சொப்ட்வெயாரால எனக்குக் கிடைச்ச பெரிய லாபமே அதுதான்.

மேடத்திட்ட காட்டினன். பாத்துட்டு ஒரே கேள்வி, "எண்ணினது சரி தம்பி, ரெட்டிகியூலின் எங்க?" நல்ல ஈரல்ல செல் ஒண்டு ரெண்டு தடிப்பில வரிசையா நிக்கும், அதத் தாங்குற நார்க்கூடு ரெட்டிகியூலின் சாயத்தில கறுப்பாத் தெரியும். கான்சர் எண்டா வரிசை மூண்டுக்கு மேல தடிச்சு கூடு அறுந்து போகும். ஆரம்ப நிலைக் கான்சரில நியூக்ளியஸ் பெரிசா மாறியிருக்காது, அங்க என்ட எண்ணிக்கைய வச்சு ஒண்டும் செய்யேலாது, கிளிபிகன்-3 எண்ட புரதத்தக் காட்டுற மாதிரி சாயங்களும் போடோணும்.

ஸ்டான்ஃபோர்ட்ல ஈரல் செல் கான்சரா பித்தக்குழாய்க் கான்சரா எண்டு பிரிக்க ஒரு ஏஐ செஞ்சு 11 பதோலஜிஸ்ட்மாரிட்ட குடுத்துப் பாத்தாங்க, 2020ல வந்தது. அது சரியாச் சொன்னா அவங்களும் சரி, பிழையாச் சொன்னா அவங்களையும் சேத்து இழுத்துட்டுப் போயிருக்கு. படிச்ச ஆக்களே இப்பிடி எண்டா நம்ம கதை என்ன. கியூபாத் செஞ்சவங்களும் இது ஆராய்ச்சிக்கு மட்டும்தான், நோய் முடிவு சொல்ல இல்ல எண்டு தெளிவாப் போட்டிருக்கிறாங்க, ஆக்களிட ரிப்போட்டுக்குப் பாவிச்சுராதீங்க.

என்ட 8 ஜீபி லப்டொப் முழு ஸ்லைட்டையும் ஓட விட்டா மூச்சு வாங்குது, சின்னச் சதுரமா வெட்டி ஓட விடுங்க. எம்எல்டி (மருத்துவ லெப் வேலை) படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு கண்ண மூடிட்டுச் சொல்லுவன், 5க்கு 4. ஒரு புள்ளி குறைச்சது ஏனெண்டா தமிழ்ல ஒரு வழிகாட்டியும் என்ட கண்ணுல படல்ல, நான் வீடியோவ நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்துத்தான் பழகினன்.