பழைய பந்தயத்தைக் காட்டி ஒரு வருடச் சந்தாவை வாங்கிக்கொண்டார்கள், நீங்களாவது ஏமாறாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் முடிந்தது. இன்று வியாழன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பன்னிரண்டு மாதக் கட்டணத்தை ஒரே தவணையில் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஃபார்முலா 1 கார் பந்தயம் பார்க்கச் சந்தா கட்டலாமா என்று யோசிப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். கடைசியில் சில யோசனைகளும் சொல்கிறேன். செயலியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. விளையாட்டுகளை நேரலையாகக் காட்டி, மாதத்துக்கோ வருடத்துக்கோ பணம் வாங்கும் வகை. அது போதும்.

கண்ணை மூடிக்கொண்டு நான் கட்டவில்லை. ஒரு நாள் இலவசமாகப் பார்க்கலாம் என்றார்கள், பார்த்தேன். முகப்பிலேயே 2024 நவம்பர் 3 அன்று நடந்த சாவ் பாவ்லோ பந்தயத்தை வைத்திருந்தார்கள். கொட்டும் மழையில் பிரேசிலின் இன்டர்லாகோஸ் ஓடுதளம், வெர்ஸ்டப்பன் 17ஆவது இடத்திலிருந்து கிளம்பி ஜெயித்த அதே பந்தயம். முடிவு தெரிந்த ஒன்றை 69 சுற்றும் விடாமல் பார்த்தேன். காரணம் அந்தக் கமெண்டரி.

ஹல்கன்பர்க்கின் கார் சுழன்று ஓரத்தில் மாட்டிக்கொள்கிறது. விர்ச்சுவல் சேஃப்டி கார் அறிவிக்கப்படுகிறது, அதாவது எல்லாக் கார்களும் வேகத்தைக் குறைக்க வேண்டும். முன்னால் போய்க்கொண்டிருந்த ரஸ்ஸலும் நோரிஸும் டயர் மாற்ற பிட்டுக்குள் வருகிறார்கள். ஒக்கான், வெர்ஸ்டப்பன், காஸ்லி மூன்று பேரும் வரவில்லை. வர்ணனையாளர் கத்தவே இல்லை. மழை வலுக்கிறது, யாராவது மோதி ரெட் ஃப்ளாக் விழுந்தால் பந்தயம் நிற்கும், நிற்கும்போது டயரை மாற்றிக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது, அப்போது பிட்டுக்கு வராமல் வெளியிலேயே இருந்தவர்களுக்கு நேரமே நஷ்டமாகாது என்று பொறுமையாக விளக்கினார். கொஞ்ச நேரத்தில் கொலப்பின்டோ சுவரில் மோதினார். ரெட் ஃப்ளாக். முன்னால் அந்த மூன்று பேர். கடைசியில் மேடையில் நின்றதும் அதே மூன்று பேர்தான். பல வருடமாகப் பந்தயம் பார்க்கிற எனக்கே அன்றைக்குத்தான் அந்தப் பந்தயம் முழுதாகப் புரிந்தது. இப்படிச் சொல்லிக்கொடுக்கும் குரலுக்குக் கொடுக்கலாம் என்று மனது சொன்னது.

சந்தாப் பக்கத்தில் மாதம், வருடம் என்று இரண்டு கட்டங்கள். வருடத்துக்குக் கீழே மூன்று வரி: நிபுணர்களின் வர்ணனை, எல்லாக் கார்களின் ஆன்போர்டு கேமரா (காரிலேயே பொருத்திய கேமராவின் படம்), தாமதமில்லாத நேரலை. விரலை மாதத்தின் மேல் வைத்தவன், அந்த மூன்று வரியைப் பார்த்துவிட்டு வருடத்துக்கு நகர்த்தினேன். பன்னிரண்டு மாதப் பணம் அந்த நொடியில் போனது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மழையும் வந்தது. குரல் மட்டும் வேறு. முந்தைய நாள் கேட்டவர்களில் ஒருவர்கூட இல்லை.

சரி, புது ஆட்கள், பழகிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். மூன்றாவது சுற்றிலேயே வர்ணனையாளர் ஒரே அணியின் இரண்டு ஓட்டுநர்களையும் மாற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அது எட்டு சுற்று நீடித்தது. காரின் நடுவே, ஓட்டுநரின் தலைக்கு மேலே ஒரு சின்னக் கேமராப் பெட்டி இருக்கும். அணியின் முதல் காரில் அது கருப்பு, இரண்டாவது காரில் பளிச்சென்ற மஞ்சள். தூரத்திலிருந்து பார்த்தாலும் யார் என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். பந்தயம் பார்க்கும் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். காசு வாங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தவருக்குத் தெரியவில்லை. கூட இருந்தவரும் திருத்தவில்லை.

அதை மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது அதற்கப்புறம் நடந்தது. மழை விட்டு, ஓடுதளம் காயும் நேரம். ஈரத் தளத்துக்கான, பச்சைக் கோடு போட்ட இன்டர்மீடியட் டயரிலிருந்து காய்ந்த தளத்து டயருக்கு யார் முதலில் மாறப் போகிறார்கள் என்பதில்தான் மொத்தப் பந்தயமும் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று முன்னால் மாறினால் வழுக்கி வெளியே போகலாம், ஒரு சுற்று பின்னால் மாறினால் பல விநாடி போய்விடும். பின்னால் ஓடும் ஒருவர் துணிந்து மாறி, அவருடைய செக்டார் நேரம், அதாவது சுற்றின் ஒரு பகுதியைக் கடந்த நேரம், ஊதாவில் வந்தால், ஒட்டுமொத்தத்தில் அதுதான் அதிவேகம் என்று அர்த்தம். மற்ற எல்லா அணிகளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். என் கைப்பேசியில் லைவ் டைமிங், அதாவது கார்களின் நேரத்தை உடனுக்குடன் காட்டும் பட்டியல், ஓடிக்கொண்டிருந்தது. ஊதா வந்துவிட்டது. உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய்த் திரையை நிமிர்ந்து பார்த்தால், விளம்பரம்.

விளம்பரம் முடிந்து வந்தபோது முதலிடத்தில் வேறு கார். உடனே நம்மவர் தொண்டை கிழியக் கத்துகிறார், அபாரமான முந்தல், துணிச்சலான முந்தல் என்று. யாரும் யாரையும் முந்தவில்லை. முதலில் ஓடியவர் டயர் மாற்ற உள்ளே போயிருந்தார். பிட் பாதையில் அந்தக் கார் நிற்பது திரையின் மூலையில் தெரிகிறது. நேரப் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பிட் என்று எழுதியும் இருக்கிறது. அதைப் பார்க்கக்கூட ஆளில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில், ஒரு சுற்று பின்தங்கிய கார், வழிவிடச் சொல்லும் நீலக் கொடிக்கு ஒதுங்கி வழிவிட்டதையும் இடத்துக்கான சண்டை என்றார்கள். அதற்குமேல் சத்தத்தை அணைத்துவிட்டேன்.

தாமதமில்லாத நேரலை என்றார்களே, அதுவும் பொய். லைவ் டைமிங்கில் சேஃப்டி கார் என்று வந்து ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்துத்தான் திரையில் கார் சுழன்றது. ஆன்போர்டு கேமரா பகுதியைத் திறந்தால் 'விரைவில்' என்று ஒரே ஒரு சொல்.

எனக்கு வயிறு எரிவதற்குக் காரணம் இருக்கிறது. ஃபார்முலா 1 பந்தயத்தின் படத்தை எடுப்பது இந்தச் செயலிகள் இல்லை. ஃபார்முலா 1 நிறுவனமே எடுத்து, கோத்து, உலகம் முழுக்க ஒரே படமாக அனுப்புகிறது. எந்தக் காரைக் காட்டுவது, எப்போது மறுஒளிபரப்பு போடுவது எல்லாம் அங்கேயே முடிவாகிறது. அப்படியானால் நாம் எதற்குப் பணம் கட்டுகிறோம்? அந்தக் குரலுக்கும், அந்தப் படத்தை வெட்டாமல் தாமதிக்காமல் நம்மிடம் சேர்ப்பதற்கும்தான். இரண்டையும் இவர்கள் செய்யவில்லை. அப்புறம் பன்னிரண்டு மாதக் கட்டணம் எதற்கு?

வருகிற படமும் எப்போதும் சரியாக இருக்காது என்பதால் குரல் இன்னும் முக்கியம். 2021 மொனாக்கோ பந்தயத்தில் ஓட்டுநர்கள் வெட்டலும் காஸ்லியும் பக்கத்துக்குப் பக்கம் மேட்டில் ஏறிக்கொண்டிருந்த கட்டத்தில், படத்தைக் கோத்தவர்கள் அதை விட்டுவிட்டு ஸ்ட்ரோல் என்ற ஓட்டுநர் ஓரக்கல்லில் ஏறிய காட்சிக்குத் தாவினார்கள். அந்த நேரத்தில் நேரப் பட்டியலைப் பார்த்து, திரையில் இல்லாததைச் சொல்பவர்தான் நல்ல வர்ணனையாளர்.

தவறே செய்யக்கூடாது என்று நான் கேட்கவில்லை. பிரிட்டிஷ் வர்ணனையாளர் மர்ரி வாக்கர் 2001 வரை பேசினார், அவர் விடாத தவறா? ஆனால் தவறு என்று தெரிந்ததும் அடுத்த மூச்சிலேயே திருத்திக்கொள்வார். 1996இல் ஜப்பானில் டேமன் ஹில் உலகச் சாம்பியன் பட்டம் வென்றபோது தொண்டை அடைத்து, பேச முடியாமல் நிறுத்தினார். அதற்கு முன்பு அவர் பக்கத்தில் பல வருடம் 1976இன் சாம்பியன் ஜேம்ஸ் ஹன்ட்டை உட்காரவைத்திருந்தார்கள். ஒருவர் உணர்ச்சி, இன்னொருவர் விவரம். அந்த மனிதர்களுக்குப் பந்தயத்தின் மேல் அன்பு இருந்தது, கேட்கிறவன் மேல் மரியாதை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டவர்கள் அடுத்த சுற்றில் என்ன நடக்கும் என்று ஒரு முறைகூட யோசித்ததாகத் தெரியவில்லை.

அன்று இரவே புகார் கொடுத்தேன். முதலில் தானியங்கிப் பதில்: உங்கள் இணைய வேகத்தைச் சரிபாருங்கள். வர்ணனையாளர் பெயரை மாற்றிச் சொன்னதற்கும் என் இணைய வேகத்துக்கும் என்ன சம்பந்தம்? திங்கள்கிழமை ஒரு ஆள் வந்தார். வர்ணனை ரசனை சார்ந்தது, உங்கள் கருத்தைக் குழுவுக்குத் தெரிவிக்கிறோம் என்றார். பிட்டுக்குள் நின்ற காரை முந்தியதாகச் சொன்னது ரசனையா சார் என்று கேட்டேன். பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மின்னஞ்சல் வந்தது.

செவ்வாய்க்கிழமை மறுபடி திறந்தேன். இலவச நாளில் நீங்கள் காட்டிய பந்தயத்தில் இருந்தவர்கள் எங்கே என்று நேராகக் கேட்டேன். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. அது காப்பகப் பதிவாம். வேறு இடத்திலிருந்து கமெண்டரியோடு சேர்த்து வாங்கியதாம். நேரலைக்கு எங்கள் குழு தனி என்று சாவகாசமாகச் சொல்கிறார்கள். எவருடைய குரலையோ காட்டி என்னிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள்! அப்படியானால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். ஒரு நேரலையாவது பார்க்கத் தொடங்கிவிட்டால் ரீஃபண்ட் இல்லை என்று விதிமுறையின் ஒரு பத்தியை ஒட்டி அனுப்பினார்கள். பார்க்காமல் எப்படித் தெரியும், மோசம் என்று? மீதமிருக்கும் மாதங்களுக்காவது கொடுங்கள் என்று இறங்கி வந்தும் கேட்டுவிட்டேன். புதன்கிழமை மறுபடி அதே மின்னஞ்சல்: தீர்க்கப்பட்டது. பன்னிரண்டு மாதக் கட்டணம் அவர்களிடம்தான் இருக்கிறது.

யோசனை சொல்கிறேன் என்றேன், இப்போதைக்குத் தோன்றுவது இவ்வளவுதான். வருடச் சந்தா வேண்டாம், முதலில் ஒரு மாதம் போதும். பழைய பந்தயத்தை வைத்து எந்தச் செயலியையும் எடைபோடாதீர்கள், இலவச நாளைப் பந்தய நாளில் எடுங்கள். நேரலைக்கு யார் வர்ணனை என்று எழுத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் விலகிவிடுங்கள். பக்கத்தில் லைவ் டைமிங் வைத்து எவ்வளவு தாமதம் என்று பாருங்கள். சந்தாப் பக்கத்தில் அவர்கள் போட்டிருக்கும் வாக்குறுதிகளைக் கட்டும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். நான் எடுக்கவில்லை. இன்று காலை போய்ப் பார்த்தால் 'தாமதமில்லாத' என்ற சொல் அந்தப் பக்கத்தில் இல்லை.

தானாகப் புதுப்பிக்கும் வசதியை உடனே அணைத்துவிடுங்கள், அது மூன்று பக்கம் உள்ளே ஒளிந்திருக்கிறது. புகாரை மூன்றாவது முறையாகத் திறந்திருக்கிறேன். இதே போல யாருக்காவது நடந்து பணம் திரும்பக் கிடைத்திருந்தால், என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.