முன்னறிவிப்பா, முன்னனுமதியா? மருத்துவமனைகள் கைமாறுவதைக் கண்காணிக்கும் அமெரிக்க மாநிலச் சட்டங்கள்

அமெரிக்காவில் பெரிய மருத்துவமனை ஒன்று கைமாறும்போது, 1976ஆம் ஆண்டின் ஹார்ட்-ஸ்காட்-ரோடினோ சட்டப்படி ஒன்றிய அரசுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஆனால் 2025ஆம் ஆண்டு நிலவரப்படி 12.64 கோடி டாலரைத் தாண்டும் பேரங்களே பொதுவாக அதன் கீழ் வருவதால், முதலீட்டு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிச் சேர்க்கும் சிறு கிளினிக்குகள் அந்த வலையில் சிக்குவதில்லை. இந்த ஓட்டையை அடைக்கவே மாநிலங்கள் தனித்தனியே சட்டம் இயற்றின.

வாஷிங்டன் மாநிலத்தில் 2020 முதல், பேரம் முடிய 60 நாட்களுக்கு முன் அட்டர்னி ஜெனரலுக்கு (மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி) அறிவிப்புத் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு அதிகபட்சம் 200 டாலர் அபராதம். அறுபது நாட்களையும் கோட்டை விட்டால்கூட 12,000 டாலர்தான். இத்தகைய பேரங்களில் வழக்கறிஞர்களுக்குப் போகும் கட்டணத்தின் முன் இது சுண்டைக்காய். நியூயார்க் 2023 ஆகஸ்ட் முதல் சுகாதாரத் துறைக்கு 30 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. மாநிலத்துக்குள் கிடைக்கும் வருவாயை 2.5 கோடி டாலரோ அதற்கு மேலோ கூட்டாத பேரங்களுக்கு விலக்கு உண்டு. ஒரே பேரத்தைத் துண்டு போட்டுத் தப்பிக்க முடியாதபடி, 12 மாதங்களுக்குள் நடக்கும் தொடர்புள்ள பேரங்களைச் சேர்த்துக் கணக்கிடுவது அதன் நல்ல அம்சம்.

எதிர்முனையில் இருப்பது ஆரெகன். 2022 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள அதன் சட்டப்படி, ஒரு தரப்பின் சராசரி ஆண்டு வருவாய் 2.5 கோடி டாலரும் மற்றதன் வருவாய் 1 கோடி டாலரும் எட்டினால் 180 நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். மாநிலச் சுகாதார ஆணையம் அதை அனுமதிக்கலாம், நிபந்தனை விதிக்கலாம், மறுக்கவும் செய்யலாம். கேர்ஆரெகன் காப்பீட்டு அமைப்பு கலிஃபோர்னியாவின் ஸ்கேன் குழுமத்துடன் இணையும் திட்டம் 2024 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. ஆரெகன் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமும் லெகசி ஹெல்த் மருத்துவமனைக் குழுமமும் தங்கள் இணைப்பை 2025 மே மாதம் கைவிட்டன. இரண்டிலும் ஆணையம் மறுப்பு உத்தரவு பிறப்பிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

எனக்கு ஏற்புடையது இவற்றின் நடுவே உள்ள மாசச்சூசெட்ஸ் வழி. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அதன் சுகாதாரக் கொள்கை ஆணையத்துக்குப் பேரத்தைத் தடுக்கும் அதிகாரம் கிடையாது. 60 நாள் முன்னறிவிப்பைப் பெற்று, தேவையெனில் செலவின்மீதும் சந்தையின்மீதும் ஏற்படும் விளைவை ஆராய்ந்து அறிக்கை வெளியிடும், அவ்வளவுதான். பார்ட்னர்ஸ் ஹெல்த்கேர் நிறுவனம் சவுத் ஷோர் மருத்துவமனையை வாங்க முயன்றபோது, மருத்துவச் செலவு உயரும் என்று ஆணையம் 2014இல் எழுதியது. அட்டர்னி ஜெனரலோ நிபந்தனைகளுடன் சமரசத்துக்கு வந்திருந்தார். அந்தச் சமரசத்தை நீதிபதி 2015 ஜனவரியில் நிராகரிக்க, பேரம் கைவிடப்பட்டது. கலிஃபோர்னியா இதே முறையை 2024 ஏப்ரல் முதல் 90 நாள் அறிவிப்புடன் பின்பற்றுகிறது. ஆய்வு தொடங்கிவிட்டால், இறுதி அறிக்கை வந்து 60 நாட்கள் கழியும்வரை பேரத்தை முடிக்க முடியாது.

நடுவழியிலும் ஓட்டை இருந்தது. மாசச்சூசெட்ஸிலும் மருத்துவமனைகள் நடத்திய ஸ்டூவர்ட் குழுமம் 2024 மே மாதம் திவாலான பிறகே, 2025 ஜனவரியில் மாசச்சூசெட்ஸ் தன் விதிகளைப் பெரும் முதலீட்டாளர்களுக்கும் மேலாண்மைச் சேவை நிறுவனங்களுக்கும் (மருத்துவர்களின் கிளினிக்குகளுக்கு நிர்வாகப் பணிகளைச் செய்து தருபவை) விரிவாக்கியது.