பயணப் பைக்கு எந்தத் துண்டு: மைக்ரோஃபைபரா, ஈரிழையா?

ஒரே ஒரு முதுகுப் பை, அதுவும் உள்நாட்டு விமானத்தில் கையோடு கொண்டுபோக விடும் 7 கிலோவுக்குள், ஒரு வாரம் சுற்றி வருவது என்று முடிவு செய்தால் சட்டை, பேன்ட் எல்லாம் சுலபமாகக் குறைந்துவிடும். வம்பு செய்வது துண்டுதான். வீட்டில் தினமும் துவட்டுகிற தடித்த டர்க்கி டவலை மடித்துப் பைக்குள் வைத்துப் பாருங்கள், கால்வாசி இடம் அதற்கே போய்விடும். லாட்ஜில் தருவார்களே என்று சொல்கிறவர்களுக்கு இந்தப் பதிவு தேவையில்லை. லாட்ஜ் துண்டுகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது, சாப்பிடும் நேரமாக இருந்தாலும் இருக்கும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

துண்டு வாங்கப் போனால் எல்லோரும் கேட்பது "தண்ணி நல்லா இழுக்குமா?" என்பதுதான். பயணத்துக்கு அது இரண்டாவது கேள்வி. பிழிந்த பிறகு அதில் எவ்வளவு தண்ணீர் தங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி, ஏனென்றால் காலை எட்டு மணிக்குக் குளித்துவிட்டு ஒன்பது மணிக்கு அறையைக் காலி செய்கிறவன் சுமக்கப்போவது அந்தத் தண்ணீரைத்தான். கடையில் ஜிஎஸ்எம் என்று ஒரு எண் சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு அது. குளியலறை டர்க்கி டவல் பெரும்பாலும் 400 முதல் 600 வரை இருக்கும். 30க்கு 60 அங்குலத் துண்டு 1.16 சதுர மீட்டர் வரும், 450 ஜிஎஸ்எம் என்றால் உலர்ந்த நிலையிலேயே அரைக் கிலோவைத் தாண்டிவிடும். நனைத்துக் கையால் பிழிந்தாலும் பருத்தியில் ஏறக்குறைய அதன் எடைக்கு நிகரான தண்ணீர் தங்கிவிடும், ஆக முதுகில் ஒரு கிலோ. அந்தச் சுருள் சுருளான பூப்போன்ற இழைகள் வீட்டில் சுகம்தான், ஆனால் தண்ணீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்வதும் அவைதான்.

சரி, மைக்ரோஃபைபருக்கு வருவோம். பயண வீடியோ போடுகிற அத்தனை பேரும் கையில் வைத்திருப்பது இதுதான். பாலியஸ்டரும் நைலானும் கலந்த இழை, லேபிளில் 80/20 என்றோ 85/15 என்றோ போட்டிருப்பார்கள். இழை எவ்வளவு மெல்லியது என்றால் 9 கிலோமீட்டர் நீளத்துக்கு எடுத்து எடை போட்டாலும் 1 கிராம்கூட வராது. பாலியஸ்டர் இழை தனக்குள் தண்ணீரை வாங்கவே வாங்காது என்று சொல்லலாம், இழைகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்குகளில்தான் தண்ணீர் நிற்கிறது. அதனால் முறுக்கிப் பிழிந்தால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். பருத்தி அப்படியில்லை, இழைக்குள்ளேயே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வேகமாக உலர்கிறது என்று சொல்வதன் ரகசியம் முழுக்க இவ்வளவுதான்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கார் துடைக்கிற துணி மாதிரி சின்னச் சின்னச் சுருள் வைத்தது, இன்னொன்று தட்டையாக வழவழவென்று இருப்பது. பயணத்துக்குத் தட்டையானதுதான் சரி, மடித்தால் ஒரு தண்ணீர் டம்ளர் அளவுக்கு ஒடுங்கிவிடும். விளையாட்டுப் பொருள் கடையான டெகாத்லானில் நீச்சல் பிரிவில் நபைஜி என்ற பெயரில் பல அளவுகளில் கிடைப்பது இந்த வகை, நம் ஊரில் கையால் தொட்டுப் பார்த்து வாங்க அதுதான் சுலபமான இடம். சீ டு சம்மிட், பேக்டவல் என்று மலையேறுகிறவர்கள் கொண்டாடும் வெளிநாட்டுப் பெயர்களும் இருக்கின்றன. அவற்றின் விலையில் இங்கே ஒரு குடும்பத்துக்கே துண்டு வாங்கிவிடலாம், ஆகவே என் கணக்கில் இல்லை.

வாங்கும்போது விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். நல்ல மைக்ரோஃபைபர் என்றால் காய்ந்த தோலில், நகக்கண் ஓரத்தில் இருக்கும் சொரசொரப்பில் லேசாகப் பிடித்து இழுக்கும், சிலருக்கு அதுவே கூச்சமாக இருக்கும். ஒவ்வோர் இழையும் இன்னும் மெல்லிய இழைகளாகச் சரியாகப் பிளக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வழுக்கிக்கொண்டு போனால் அது வெறும் பாலியஸ்டர் துணி, உடம்பில் தேய்த்தால் தண்ணீரை அங்கிருந்து இங்கே தள்ளுமே தவிர எடுக்காது. ஆன்லைனில் வாங்கிய பெயர் தெரியாத ஒரு துண்டு அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றது, போதாக்குறைக்கு நீலச் சாயம் வேறு பனியனில் இறங்கியது. இப்போது அது என் வண்டி சீட் துடைக்கிறது.

நல்ல மைக்ரோஃபைபரிலும் எனக்குப் பிடிக்காதவை இருக்கின்றன. துவட்டுகிற மாதிரியே இருக்காது, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், ஈர முதுகில் போட்டால் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். இரண்டாவது, வாடை. பாலியஸ்டர் தண்ணீரைத்தான் வாங்காது, உடம்பின் எண்ணெய்ப்பசையை நன்றாகவே வாங்கி வைத்துக்கொள்ளும், இரண்டு மூன்று நாள் துவைக்காமல் ஓட்டினால் காய்ந்த துண்டிலேயே ஒரு வீச்சம் வரும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். துவைக்கும்போது வாசனைக்கு ஊற்றுகிறோமே கண்டிஷனர், அதைக் கண்ணில்கூடக் காட்டக் கூடாது, இழை மேல் படலமாகப் படிந்து தண்ணீர் இழுக்கும் சக்தியைக் கெடுத்துவிடும். சூடான இஸ்திரிப் பெட்டியும் ஆகாது. அப்புறம் ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் தண்ணீரில் போகின்றன. இதையெல்லாம் பார்த்துத்தான் துண்டு வாங்க வேண்டுமா என்றால், தாமிரபரணியில் இறங்கிக் குளித்துவிட்டு அங்கேயே அலசப்போகிறவர்கள் கொஞ்சம் பார்க்கலாம்.

இனி என் கட்சி. ஈரிழைத் துண்டு. தாத்தாக்களின் தோளில் கிடந்த அதே மெல்லிய கைத்தறித் துண்டுதான், நெடுக்கே ஓடும் பாவு நூலிலும் குறுக்கே ஓடும் ஊடை நூலிலும் இரண்டிரண்டு இழை சேர்த்து நெய்தது. சுருள் கிடையாது, தட்டை நெசவு, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்பவர் தெரிவார். என்னிடம் இருக்கும் 30க்கு 60 அங்குலத் துண்டு சமையலறைத் தராசில் 180 கிராம். இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். 80க்கு 130 சென்டிமீட்டர் மைக்ரோஃபைபர், 200 ஜிஎஸ்எம் என்று வைத்துக்கொண்டால் 208 கிராம். எடையில் நம்முடையது தோற்கவே இல்லை! மைக்ரோஃபைபர் பக்கம் இருக்கும் லாபம் இரண்டுதான்: மடித்தால் இன்னும் சின்னதாகும், பிழிந்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீரை விடும்.

உலர்வதில் ஈரிழை இவ்வளவு நன்றாக இருப்பதற்கு மெல்லிசு மட்டும் காரணமில்லை. எந்தத் துண்டையும் காயப்போட்டுத் தொட்டுப் பாருங்கள், நடுப்பகுதி எப்போதோ காய்ந்திருக்கும், மடித்துத் தைத்த ஓரமும் மூலையும் லேபிள் ஒட்டிய இடமும் மட்டும் சில்லென்று இருக்கும். வாடை ஆரம்பிப்பதும் அங்கேதான். கைத்தறித் துண்டில் தலைப்புப் பக்கம் மடிப்பே இல்லை, நூல் அப்படியே தொங்கும், இல்லாவிட்டால் முடிச்சுப் போட்டிருக்கும். ஜப்பானில் தெனுகுய் என்று ஒரு மெல்லிய பருத்தித் துண்டு, அதிலும் இரண்டு முனையைத் தைக்காமல் வெட்டியபடியே விட்டுவிடுகிறார்கள், சீக்கிரம் காய வேண்டும் என்றுதான். துருக்கியின் பெஷ்டெமால் துண்டும் தட்டை நெசவு, நூல் தொங்கும் தலைப்பு. மேல்நாட்டுக் கடைகளில் அதை இப்போது பயணத் துண்டு என்று நல்ல விலைக்கு விற்கிறார்கள், நம் சந்தையில் ஈரிழையைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

வாங்க இடம் தேட வேண்டியதில்லை. கோ-ஆப்டெக்ஸ், கதர்க்கடை, ஈரோடு ஜவுளிச் சந்தை, சென்னிமலைப் பக்கம் போனால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகள். காந்தி ஜெயந்தி, தீபாவளி சமயத்தில் தள்ளுபடியும் உண்டு. கேரளப் பக்கம் போகிறவர்கள் அங்கே கிடைக்கும் தோர்த்து வாங்கலாம், கிட்டத்தட்ட இதேதான், ஈரிழையில் நெய்ததும் உண்டு. விசைத்தறித் துண்டு இன்னும் மலிவு, மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாலியஸ்டர் நூல் கலந்ததைப் பருத்தி என்று விற்பதும் நடக்கிறது, கையில் வழவழப்பாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வெள்ளை அல்லது வெளிர் நிறம் நல்லது. அடர் சிவப்பு, பச்சை எல்லாம் முதல் சில அலசலில் சாயம் விடும், ஒரே பையில் வெள்ளைச் சட்டையும் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: புதிதாக வாங்கியதை அப்படியே பையில் போட்டுக் கிளம்பாதீர்கள். கஞ்சி போட்டிருப்பார்கள். அட்டை மாதிரி நிற்கும், தண்ணீரும் இழுக்காது. முந்தின இரவு ஊறப்போட்டு, மூன்று நான்கு முறை துவைத்து வெயிலில் போட்டால்தான் வழிக்கு வரும். துவைக்கத் துவைக்க மென்மையாகி, இரண்டு மாதப் புழக்கத்துக்குப் பிறகுதான் அது துண்டாகிறது.

துவட்டுவது மட்டும்தான் துண்டின் வேலை என்று நினைப்பவர்களுக்கு மைக்ரோஃபைபர் போதும். நம் பயணங்கள் அப்படியா இருக்கின்றன? ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தத்திலும் நனைந்துவிட்டு வந்து சொட்டச் சொட்ட உடை மாற்ற வேண்டும், இடுப்பில் கட்டிக்கொள்ள நீளம் வேண்டும், அவிழாமல் நிற்க வேண்டும். வழவழத் துணியைக் கட்டிக்கொண்டு குற்றாலத்தில் நடந்து பாருங்கள், ஒரு கை எப்போதும் இடுப்பிலேயே இருக்கும். வெயிலில் தலைக்குப் போட, ரயிலில் கழுத்துக்கு அண்டை கொடுக்க, வாங்கிய முறுக்கை முடிந்து வைக்க, எல்லாவற்றுக்கும் பருத்திதான். பேருந்து ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடிக்கவும் மைக்ரோஃபைபர் லாயக்கில்லை. வழுக்கிக் கீழே விழும், விழாவிட்டாலும் அதைத் துண்டு என்று யாரும் மதிக்கப்போவதில்லை.

ஆனால் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று மேகம் உள்ளே வந்து உட்காருகிற ஊர்களில், அதுவும் மழைக்காலத்தில், ஈரிழை என்னைக் கைவிட்டிருக்கிறது. இரவு முழுக்கத் தொங்கப்போட்டும் காலையில் அதே சில்லிப்புடன் இருக்கும், அந்தக் குளிரில் அதை உடம்பில் வைப்பது தண்டனை. அங்கே மைக்ரோஃபைபர் கொண்டுபோகிறேன், முணுமுணுத்துக்கொண்டே. தினமும் நீச்சல் குளம் போகிறவர்கள், பைக்கில் நாளுக்கு ஓர் ஊர் மாறுகிறவர்கள், இவர்களுக்கும் அதுதான்.

மற்றவை சுருக்கமாக. கட்டம் கட்டமாகக் குழி விழுந்த வாஃபிள் நெசவுத் துண்டு நன்றாகத் துவட்டும், டர்க்கியைவிடச் சீக்கிரம் காயும், ஈரிழையைவிடக் கனம். கரூர்ப் பக்கம் ஏற்றுமதியில் மிஞ்சியது கிடைத்தால் வீட்டுக்கு வாங்கலாம். நீச்சல் வீரர்கள் டப்பாவில் ஈரமாகவே போட்டு வைக்கும், ஸ்பாஞ்ச் மாதிரியான பிவிஏ என்ற செயற்கைத் துண்டு காய்ந்தால் அப்பளமாக விறைத்துவிடும், சுற்றுலாவுக்குச் சரிப்படாது. லினன் அருமை, விலைதான் அருமையில்லை.

எந்தத் துண்டானாலும் காயப்போடும் விதம் சரியில்லை என்றால் விலை கொடுத்தது வீண். நான்காக மடித்து நாற்காலி முதுகில் போட்டால் மைக்ரோஃபைபரும் காயாது. ஒற்றையாக விரித்து, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி, மின்விசிறிக்கு நேர் கீழே. பையில் மூன்று மீட்டர் நைலான் கயிறும் நாலு கிளிப்பும் வைத்திருக்கிறேன், ஜன்னல் கம்பிக்கும் கதவுத் தாழ்ப்பாளுக்கும் கட்டிவிடலாம். ஏசி அறை கிடைத்தால் ஏசியை ஓட விட்டு உள்ளேயே தொங்கப்போடுங்கள், அது காற்றின் ஈரத்தை எடுத்துவிடுவதால் சென்னை மாதிரி வேர்த்து வழியும் ஊரில் வெளியே போடுவதைவிடச் சீக்கிரம் காயும். காயாமல் கிளம்ப வேண்டி வந்தால் பிளாஸ்டிக் கவரில் கட்டாமல் பையின் வெளிப்பக்க வலையில் செருகிவிடுங்கள், அல்லது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் செய்வது போலத் தோளில் போட்டுக்கொண்டு நடங்கள், பேருந்து நிலையம் போய்ச் சேர்வதற்குள் பாதி காய்ந்திருக்கும்.