குச்சிக்கிழங்கில் மாவுப்பூச்சி: மருந்தா, குளவியா?

நுனிக்கொழுந்து சுருண்டு, கணு இடைவெளி குறுகி, கொத்தாக நிற்கும். பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை மாவு. 2020-இல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி (குச்சிக்கிழங்கு) மாவுப்பூச்சி, பிறகு சேலம், நாமக்கல் பக்கக் காடுகளையும் (வயல்களையும்) பிடித்துக்கொண்டது. ஆண் துணையே இல்லாமல் பெருகும் இனம் என்பதால் ஒன்றிரண்டு தப்பினாலும் போதும், மறுபடி பெருகிவிடும்.

மருந்து அடிப்பதில் உள்ள ஒரே லாபம் வேகம். சில நாளில் வெளியே இருக்கும் பூச்சி செத்துவிடும். ஆனால் உடம்பெல்லாம் மெழுகுப் பூச்சு, இருப்பிடமோ சுருண்ட இலைக்குள். முட்டைப் பைக்குள்ளும் மருந்து சரியாக இறங்காது. அதனால் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். ஆள் உயரம் வளர்ந்த காட்டில் தலைக்கு மேலே தூக்கி அடித்தால் பாதி அடிப்பவர் முகத்தில்தான் விழும். மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டும் சாகும்.

குளவி வழி வேறு. பராகுவேயில் 1981-இல் கண்டெடுத்த அனகைரஸ் லோபெசி என்ற குளவி, ஆப்பிரிக்காவில் இதே மாவுப்பூச்சியிடமிருந்து கோடிக்கணக்கானோரின் உணவுப் பயிரைக் காப்பாற்றியது. நமக்கு அது பெனின் நாட்டிலிருந்து பெங்களூரு வழியாக வந்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். இரண்டு மில்லிமீட்டர்கூட இராத இந்தக் குளவி, மாவுப்பூச்சியைத் தானே தேடிப்போய் அதன் உடலுக்குள் முட்டையிடும். உள்ளே புழு தின்று வளர, பூச்சி உப்பி, பழுப்பாகி, இறுகிவிடும். கொங்குப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சியை 2010-க்குப் பிறகு அடக்கியதும் இப்படிப்பட்ட குளவிகள்தான். குறை என்றால், காடு முழுக்கப் பரவி வேலையைக் காட்டச் சில மாதம் ஆகும். மருந்துக் கடையிலும் கிடைக்காது; வேளாண் அறிவியல் மையத்திலோ ஆராய்ச்சி நிலையத்திலோதான் கேட்க வேண்டும்.

இரண்டையும் ஒரே காட்டில் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. குளவி விட்ட காட்டிலோ பக்கத்துக் காட்டிலோ மருந்து அடித்தால் முதலில் சாவது குளவிதான். பத்து மாதப் பயிருக்குக் குளவியே சரி என்பது என் முடிவு. மருந்தை விதைக்கரணையோடு (நடுவதற்கு வெட்டும் தண்டுத் துண்டு) நிறுத்திக்கொள்ளலாம்: சுத்தமான காட்டிலிருந்து கரணை எடுத்து, பரிந்துரைத்த மருந்துக் கரைசலில் நனைத்து நடுவது. தாய்லாந்தில் குளவியோடு இதையும் சேர்த்தே செய்தார்கள்.

இளம்பயிரில் தாக்குதல் அதிகமென்றால் நுனியைக் கிள்ளி எரிப்பது வழக்கம். எரிக்குமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பழுப்பாக இறுகிய பூச்சிகள் இருந்தால் அந்த நுனியை விட்டுவிடுங்கள். அடுத்த தலைமுறைக் குளவி அதற்குள்தான் வளர்கிறது.