டிவிடி ஸ்டைலரில் கல்யாண டிவிடி: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் ஆல்பத்தோடு டிவிடியும் கேட்கிற கல்யாண வீடுகள் இன்னும் இருக்கின்றன. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் முகூர்த்தம் வர வேண்டும், பெரியவர்களுக்கு அதுதான் வேண்டும். இந்த வேலைக்கு, மெனுவோடு டிவிடி தயாரிக்கும் இலவச மென்பொருளான டிவிடி ஸ்டைலர் பல வருடங்களாகக் கைகொடுக்கிறது. மெனு போடுவதில் அதை முழுக்க நம்பலாம். ஃபைல்களை ஒன்றாக்கும் வேலையை மட்டும் அதனிடம் விடக் கூடாது.

பத்து கிளிப்பை இழுத்துப் போட்டால் அது பத்துத் தனி டைட்டில் (வட்டில் தனித்தனியே ஓடும் வீடியோ) ஆக்கிவிடும். ஒரு டைட்டில் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் பிளேயர் சற்று நிற்கும். டைட்டில் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்ற முடிவுக் கட்டளையை மாற்றாவிட்டால், முதல் கிளிப் முடிந்ததுமே மெனுவுக்குத் திரும்பிவிடும். அதனால் நிகழ்ச்சி முழுவதையும் ஒரே ஃபைலாக்கி, ஒரே டைட்டிலாகப் போட்டு, நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று சாப்டர் (நேராகத் தாவக்கூடிய பகுதி) பிரிப்பதே சரி.

ஒட்டுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஏவிசிஎச்டி (வீடியோ கேமராக்களின் ஒரு எச்டி பதிவு முறை) கேமரா நீண்ட பதிவை 2 ஜிபி அல்லது 4 ஜிபி அளவில் உடைத்துவிடும். ஃபேட்32 என்ற ஃபைல் அமைப்பில் உள்ள மெமரி கார்டு 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காததே இதற்குக் காரணம். அந்த வெட்டு கெட்டிமேளத்தின் நடுவிலும் விழலாம். துண்டுகளைத் தனித்தனியே டிவிடி வடிவத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஒட்டினால், அந்த இடத்தில் நாதஸ்வரம் அறுந்து கேட்கும். மாற்றுவதற்கு முன்பே, துண்டுகளை அப்படியே இணைக்கும் டிஎஸ்மக்ஸர் மென்பொருளில் முதல் துண்டை ‘ஆட்’ கொடுத்தும் மற்றவற்றை ‘ஜாயின்’ கொடுத்தும் சேர்த்துவிட வேண்டும். ரத்தினகிரி முருகன் கோயிலில் தாலி கட்டும்போது உறவினர்கள் போனில் எடுத்தது வேறு வகை. போன் வீடியோவின் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும், அப்படியே சேர்த்தால் போகப் போகப் பேச்சும் உதடும் விலகும். வீடியோ மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ (மாறாத வேகம்), நொடிக்கு 25 ஃபிரேம் என்று வைத்து மாற்றிய பிறகே தொட வேண்டும். கேமரா 50ஐ முறையில் (ஒற்றை, இரட்டை வரிகளை இரு ஃபீல்டாகப் பிரித்து நொடிக்கு 50 ஃபீல்டு பதியும் முறை) எடுத்திருந்தால் டீஇன்டர்லேஸ் செய்யுங்கள், அதாவது ஃபீல்டுகளை முழுப் படங்களாக்குங்கள். செய்யாமல் 1080 வரியை 576-க்குச் சுருக்கினால் இரண்டு ஃபீல்டும் கலந்து, கை அசையும் இடமெல்லாம் நிழல் விழும்.

டிவிடி ஸ்டைலரில் ப்ராஜெக்ட் தொடங்கும்போதே பால் (இந்தியாவின் டிவி முறை), 720x576, 16:9, ஒலிக்கு ஏசி3 (டிவிடியின் ஒலி வடிவம்) 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துவிடலாம்.

பிட்ரேட்டை (ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் தரவு அளவு) தானியங்கிக்கு விடாமல் கணக்குப் போட்டே வைக்க வேண்டும். 4.7 ஜிபி வட்டு என்பது 470 கோடி பைட், விண்டோஸ் அதையே 4.37 என்று காட்டும். 2 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் நொடிக்கு மொத்தம் சுமார் 5.2 மெகாபிட். ஒலிக்கு 192 கிலோபிட்டும், மெனுவுக்கும் மற்ற கட்டமைப்புக்கும் கொஞ்சமும் கழித்தால் படத்துக்கு 4.8 மெகாபிட் வைக்கலாம். ஒன்றரை மணி நேரம் என்றால் 6.5 தாராளம். டிவிடி விதிப்படி படத்துக்கு 9.8 வரை போகலாம் என்றாலும், எழுதிய வட்டில் 8-ஐத் தாண்டினால் பழைய பிளேயர்கள் திக்கும். 3 மணி நேரத்தை ஒரே வட்டில் அடைத்தால் படத்துக்கு 3.2 கூடத் தேறாது. பட்டுச் சேலையின் சரிகையும் ஹோமப் புகையும் கட்டம் கட்டமாக உடையும். வீட்டார் ஒரே வட்டு கேட்டாலும், முகூர்த்தம் ஒன்று, வரவேற்பு ஒன்று என்று இரண்டாகக் கொடுப்பதே அவர்களுக்கு நல்லது.

மெனுவுக்கு நான்கைந்து பட்டன் போதும். மணமக்கள் பெயரையும் தமிழ்த் தலைப்பையும் வேறு மென்பொருளில் எழுதிப் பின்னணிப் படமாகவே கொடுத்துவிட்டால் எழுத்து உடையும் கவலை இல்லை. படத்தை 1024x576 அளவில் செய்யுங்கள். 720x576-லேயே செய்தால் 16:9 டிவியில் முகங்கள் அகன்று தெரியும். பழைய டிவிகள் ஓரத்தை விழுங்கும் என்பதால் நான்கு பக்கமும் பத்து சதவீதம் விட்டே பட்டனை வைக்க வேண்டும். பட்டனைத் தேர்ந்தெடுக்கும்போது தெரியும் ஒளிர்வு நான்கே நிறங்களுக்குள் அடங்க வேண்டும், மங்கிக் கரையும் நிழல் அதில் வராது. சாப்டர் புள்ளி படத்தொகுதியின் (சேர்த்துச் சுருக்கப்பட்ட சில ஃபிரேம்களின்) தொடக்கத்தில்தான் விழும். அதனால் தாலி கட்டும் காட்சிக்கு ஒரு நொடி முன்பே குறியுங்கள்.

நேராக வட்டில் எழுதாமல் முதலில் ஐஎஸ்ஓ (முழு வட்டின் நகலான ஒரே ஃபைல்) எடுக்க வேண்டும். தற்காலிக ஃபோல்டருக்கும் ஐஎஸ்ஓவுக்கும் சேர்த்துக் குறைந்தது 10 ஜிபி காலி இடம் தேவை. ஐஎஸ்ஓவை விஎல்சி பிளேயரில் திறந்து ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பாருங்கள். புது மெனு அமைப்பாக இருந்தால் அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ வட்டில் எழுதி, உண்மையான பிளேயரில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது இன்னும் உத்தமம். பிறகு வட்டு எழுதும் மென்பொருளான இம்ஜ்பர்னில், ஒருமுறை மட்டும் எழுதும் டிவிடி-ஆர் வட்டில் 8 மடங்கு வேகத்தில், ‘வெரிஃபை’ (சரிபார்ப்பு) டிக் செய்து எழுதலாம். வட்டு உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது, விளிம்பில்தான் பிழை அதிகம். கடைசி 100, 150 எம்பியைக் காலியாக விட்டால் வரவேற்பின் முடிவில் படம் உறையும் புகார் குறையும். காகித ஸ்டிக்கர் ஒட்டினால் சுழலும்போது சமநிலை கெடும், தண்ணீர் மையுள்ள மார்க்கரால் எழுதினால் போதும். வேலூர் வெயிலில் காருக்குள் மட்டும் வட்டை விட்டுவிடக் கூடாது என்று கொடுக்கும்போதே சொல்லி அனுப்புங்கள்.