தென்கோள ஊசியா, வடகோள ஊசியா?

மலேசியாவில் குளிர்காலம் கிடையாது. இன்புளுவென்சா ஆண்டு முழுவதும் பரவும். அதனால் பூமியின் தென், வட அரைக்கோளங்களுக்கெனத் தனித்தனியே தயாராகும் இரு இன்புளுவென்சா தடுப்பூசிகளும் இங்கே பொருந்தும். தென்கோள ஊசியில் சேர்க்கவேண்டிய வைரஸ் வகைகளை உலகச் சுகாதார நிறுவனம் செப்டம்பரில் அறிவிக்கும். மருந்து அடுத்த ஆண்டின் முற்பாதியில் கிளினிக்குக்கு வரும். வடகோளத்துக்கு அறிவிப்பு பிப்ரவரியில், மருந்து ஆண்டின் கடைசி மாதங்களில். சில ஆண்டுகளில் இரண்டிலும் அதே வகைகள்தாம்.

வார்டில் நிற்கும் தாதியருக்கு எது கையில் இருக்கிறதோ அதுவே நல்ல ஊசி. அடுத்ததற்காகக் காத்திருக்கும் மாதங்களில்தான் படுக்கையிலுள்ள முதியவருக்குத் தொற்று போய்விடுகிறது. ஆனால் தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை ஏறப்போகும், இனிப்புநீர் உள்ள அம்மாவுக்கு வடகோள ஊசியே என் தேர்வு. ஏப்ரலில் போட்ட தென்கோள ஊசியின் வலு ஜனவரிக்குள் தேய்ந்திருக்கும். எதிர்ப்புச்சக்தி உருவாக 2 வாரம் பிடிக்கும். திருவிழாவுக்கு முதல் நாள் ஓடிவந்து பயனில்லை.

தவறு நடப்பது பெரும்பாலும் குளிர்பெட்டியில். 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும். உறைந்துபோனால், உருகினாலும் போடக்கூடாது. ஆண்டிறுதியில் இரு கோளப் பெட்டிகளும் ஒரே தட்டில் கிடக்கும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 0.5 மில்லி, மேற்கைத் தசையில். ஊசியை எடுக்குமுன் பெட்டியில் கோளம், ஆண்டு, காலாவதி நாள் மூன்றையும் படித்துவிடுங்கள்.