டேப் மாறினாலும் இடம் மாறக் கூடாது: ஒரு வாசிப்பு ஆப்புடன் நெடுநாள் அனுபவம்

இந்த வாசிப்பு ஆப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகவே நினைப்பு. என்னை அதிகம் வாட்டிய குறையைச் சரிசெய்யப் போவதாக அவர்களே அறிவித்திருந்ததால் பொறுத்திருந்தேன். சமீபத்திய அப்டேட்டில் அது வந்துவிட்டது. கூடவே நான் கேட்காத ஒன்றும் வந்திருக்கிறது. இரண்டோடும் நன்றாகப் பழகிவிட்டதால் இப்போது எழுதுகிறேன். ஆப்பின் பெயர் வேண்டாம். கீழே பகுதி மாற்றும் ஐகான்கள் கொண்ட டேப் வரிசை, அதற்கு மேலே முடிவில்லாத பட்டியல் என்று இருக்கும் எந்த ஆப்புக்கும் இது பொருந்தும்.

முகப்பு, தலைப்புகள், தேடல், சேமித்தவை என நான்கு டேப். நான்கிலும் கட்டுரைப் பட்டியல்கள். எழுத்து கண்ணை உறுத்தாது, வேகத்துக்குக் குறைவில்லை, சேமித்த கட்டுரை நெட் இல்லாதபோதும் திறக்கும். இதெல்லாம் பயன்படுத்துகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

என் குறை பட்டியலில் நான் விட்ட இடத்தைப் பற்றியது. முகப்பில் நெடுந்தூரம் இறங்கிப் போயிருப்பேன். ஒரு கட்டுரை பிடித்திருக்கும், சேமிப்பேன். அதன் கீழே இன்னொரு தலைப்பு கண்ணில் பட்டிருக்கும், அடுத்து அதைத் திறக்கலாம் என்று மனதில் வைத்திருப்பேன். நடுவில், சேமித்தது சேர்ந்ததா என்று ‘சேமித்தவை’ டேப்பைத் தொட்டுப் பார்ப்பேன். சேர்ந்திருக்கும். திரும்ப ‘முகப்பு’ டேப்பைத் தொடுவேன். ஒரு நொடி சாம்பல் நிறக் கட்டங்கள் மின்னும், அப்புறம் பட்டியல் உச்சியிலிருந்து தொடங்கும். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை யாரோ வந்து மூடி வைத்துவிட்டுப் போனது மாதிரி. மறுபடி கீழே தள்ளிக்கொண்டு போனாலும் அந்தத் தலைப்பு கிடைக்காது. முகப்பு வெறும் தேதி வரிசையில் வருவதில்லை, ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் வரிசையை அதுவே மாற்றி அடுக்குகிறது. ஆக, விட்ட இடம் போனால் அந்தக் கட்டுரையும் போனது போலத்தான்.

வேறு ஏதாவது குறை என்றால் பழகிப் போயிருப்பேன். இதற்கு மட்டும் பழகவே முடியவில்லை. டேப் என்பது ஒரு இடம். எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விட்டு வந்தால் நான் வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் டேப்பைத் தொடவே பயமாக இருக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. பட்டியலில் இறங்கியிருக்கும்போது கீழ்வரிசைப் பக்கமே விரல் போகாது. நான்கு டேப் கொடுத்துவிட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தயங்க வைத்தால் அந்த வரிசை எதற்கு?

கையில் ஆண்ட்ராய்டு போன், வீட்டில் ஐபேட். ஐபேடில் இதே ஆப் தொடக்கத்திலிருந்தே இடத்தைத் தொலைக்காமல் வைத்திருந்தது. கோபத்தை இன்னும் கிளறியது அதுதான், ஆனால் அதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. 2008-ல் ஐபோனுக்கு வெளியார் ஆப் எழுத ஆப்பிள் வழி திறந்தபோதே டேப் பார் கன்ட்ரோலர் என்ற பகுதி அதில் இருந்தது. அது ஒவ்வொரு டேப்பின் திரையையும் தனித்தனியாகக் கையில் வைத்திருக்கும். வேறு டேப்புக்குப் போனாலும் பழைய திரை கலைக்கப்படுவதில்லை, கண்ணுக்கு மறைகிறது, அவ்வளவுதான். திரும்பி வந்தால் உருட்டி நிறுத்திய இடம் அப்படியே இருக்கும். டெவலப்பர் இதற்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஆண்ட்ராய்டில் கதை வேறு. அங்கே மேலே டேப், பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் மெனு என்றுதான் பல காலம் ஓடியது. ஆப்களின் தோற்றத்துக்குக் கூகுள் தரும் மெட்டீரியல் டிசைன் வழிகாட்டியில் கீழ் நேவிகேஷன், அதாவது கீழே டேப் வரிசை, 2016-ல்தான் சேர்ந்தது. அதற்குப் பின்னும் அந்த வழிகாட்டி என்ன சொன்னது தெரியுமா? ஆண்ட்ராய்டில் கீழ் ஐகானைத் தொட்டால் அந்தப் பகுதியின் முதல் திரைக்குப் போக வேண்டும், உருட்டிய இடம் உட்பட முன்பு செய்தவை கலைந்துவிடலாம், இதுதான் இயல்பு. ஐஓஎஸ்ஸில் விட்ட நிலையிலேயே திறக்க வேண்டும். பகுதிகளுக்கு இடையே அடிக்கடி தாவ வேண்டிய ஆப் என்றால் ஆண்ட்ராய்டிலும் நிலையைக் காக்கலாம் என்று ஒரு விலக்கும் கொடுத்திருந்தார்கள். வாசிப்பு ஆப் அந்த விலக்கில் வராவிட்டால் வேறு எது வரும்? ஒவ்வொரு டேப்புக்கும் தனித்தனிப் பின்வழியை, அதாவது பேக் செய்தால் திரும்பும் திரைகளின் வரிசையை, காக்கும் வசதி டெவலப்பர்களுக்குக் கூகுள் தரும் தயார் நிரல் தொகுப்பான நேவிகேஷன் நூலகத்திலேயே 2022-ல் வந்த 2.4 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன் டெவலப்பர்கள் சொந்தமாக எழுதிச் சமாளிக்க வேண்டியிருந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் குழுவின் மேல் இருந்த கோபத்தில் பாதி குறைந்தது. மீதிப் பாதி குறையவில்லை, 2022 போய் நாளாகிறது.

டேப்பின் நிலையைக் காத்தால் மட்டும் பட்டியலின் இடம் தானாக வந்துவிடாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. திரை திரும்ப வரும்போது “இன்ன வரிசைக்குப் போ” என்ற குறிப்பு ஆப்பிடம் இருக்கும். ஆனால் அந்த நொடியில் கட்டுரைகள் இன்னும் வந்து சேராமல் பட்டியல் காலியாக இருந்தால், போவதற்கு அங்கே வரிசையே இல்லை. குறிப்பு வீணாகும், கட்டுரைகள் வந்ததும் உச்சியிலிருந்து தொடங்கும். அந்தச் சாம்பல் கட்டங்கள் மின்னும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான். ஆண்ட்ராய்டில் பட்டியல் காட்டப் பயன்படும் ரீசைக்ளர்வியூவின் 1.2 பதிப்பில், காலியாக இருக்கும்வரை பொறுத்திருந்து, உள்ளடக்கம் வந்த பிறகு இடத்தை மீட்டுக்கொள் என்று சொல்ல ஓர் அமைப்பு இருக்கிறது. ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக எத்தனை பேர் எத்தனை கட்டுரையைத் தொலைத்திருப்பார்கள்!

சரி, அப்டேட்டுக்கு வருகிறேன். இப்போது முகப்பு விட்ட இடத்தில் நிற்கிறது. முதலில் வந்த பதிப்பில் கொஞ்சம் பிசகியது. திரும்பி வந்தால் நான் பார்த்த கட்டுரைக்குச் சில வரிசை தள்ளி வேறொன்று நிற்கும். நான் போய் வருவதற்குள் மேலே புதிய கட்டுரைகள் சேர்ந்திருந்தால் அப்படி ஆனது. “இத்தனையாவது வரிசை” என்று எண்ணை மட்டும் நினைவில் வைத்தால் இப்படித்தான் வரும், மேலே ஐந்து சேர்ந்தால் கீழே ஐந்து தள்ளும். அடுத்த சிறிய அப்டேட்டில் கட்டுரையையே அடையாளமாகப் பிடித்துக்கொண்டார்கள். புதியவை இப்போது என் கண்ணுக்கு மேலேதான் சேர்கின்றன, நான் பார்க்கும் வரிசை அசைவதில்லை. மேலே ‘புதியவை’ என்ற சிறிய பட்டன் மட்டும் வந்து நிற்கிறது. வேண்டுமென்றால் தொடலாம், வேண்டாமென்றால் விடலாம். இவ்வளவு நுணுக்கமாகச் செய்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எதிர்பாராத சந்தோஷம் இன்னொன்றும் உண்டு, இதற்காகவே இந்த ஆப்பைக் கொண்டாடலாம். இருக்கிற டேப்பையே மறுபடி தொட்டால் பட்டியலின் உச்சிக்குப் போவது பல ஆப்களில் உள்ள பழக்கம். உள்ளே ஒரு கட்டுரை திறந்திருந்தால் முதல் தொடுதலில் பட்டியலுக்கு வரும், அடுத்ததில் உச்சிக்குப் போகும். இங்கே மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். உச்சிக்குப் போனதும் முகப்பு ஐகான் கீழ்நோக்கிய அம்பாக மாறி நிற்கிறது. அந்த அம்பைத் தொட்டால் பட்டியல் சறுக்கிக்கொண்டே இறங்கி நான் விட்ட வரிசையில் நிற்கிறது, அந்த வரிசை ஒரு கணம் லேசாக நிறம் மாறிக் காட்டுகிறது. கை தவறித் தொட்டாலும் எதுவும் தொலையாது. மேலே போய்ப் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். நான் பயன்படுத்திய வேறெந்த ஆப்பிலும் இதைக் கண்டதில்லை.

ஐபேடில் திரையின் மேல் விளிம்பைத் தொட்டு உச்சிக்குப் போவது மட்டும் இந்த ஆப்பில் வேலை செய்யவில்லை. ஒரே திரையில் உருளும் பகுதிகள் இரண்டு இருந்து, இரண்டிலும் அந்த வசதி இயங்கிக்கொண்டிருந்தால் ஐபேடில் அந்தத் தொடுதல் மேல் விளிம்புக்கு மிக அருகில் இருக்கும் பகுதிக்குத்தான் போகும். முகப்பின் மேலே பக்கவாட்டில் உருளும் படவரிசை ஒன்று இருக்கிறது, அதுதான் காரணம் என்பது என் ஊகம். சின்ன விஷயம், அம்பு இருக்கும்போது பெரிதாகத் தேவைப்படுவதும் இல்லை.

இப்போது, கேட்காமல் வந்தது. கீழே உருட்டினால் டேப் வரிசை ஒளிந்துகொள்கிறது, கொஞ்சம் மேலே தள்ளினால் திரும்ப எழுகிறது. இதற்கும் காரணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். போன் திரையில் இந்த வரிசை அடைக்கும் இடம் கொஞ்சமல்ல. ஐபோனில் வரிசைக்கு 49 புள்ளி, ஹோம் பட்டன் இல்லாத மாடல்களில் அடிவிளிம்புக்கு மேலும் 34. ஆண்ட்ராய்டில் 56 டிபி (அங்கே திரையை அளக்கும் அலகு) என்று இருந்தது, அதே கூகுள் வழிகாட்டியின் அடுத்த பதிப்பான மெட்டீரியல் 3-ல் 80 ஆனது. 2025-ல் வந்த ஐஓஎஸ் 26-ல் உருட்டும்போது டேப் வரிசையைச் சுருக்கும் வசதியை ஆப்பிளே கொடுத்திருக்கிறது. கட்டுரை படிக்கும்போது வரிசை மறைவது எனக்கும் பிடித்திருக்கிறது.

ஆனால் பட்டியலில்? தலைப்புகளை மேய்கிறபோது விரல் ஒரே திசையில் போவதில்லை. கொஞ்சம் இறங்கும், ஒன்று தவறிவிட்டது என்று கொஞ்சம் ஏறும். பிறகு திரையின் அடியில் தெரியும் தலைப்பைத் தொடப் போவேன். ஏறியதால் அதே கணத்தில் டேப் வரிசை அடியிலிருந்து எழுந்து அந்தத் தலைப்பின் மேல் வந்து நிற்கும். விரல் இறங்குவது ‘தேடல்’ ஐகானில். தேடல் திரை திறக்கும், கீபோர்டு பாதித் திரையை அடைத்துக்கொண்டு மேலெழும். பேக் செய்து முகப்புக்கு வந்தால் இடம் அப்படியே இருக்கிறது, அந்த அளவுக்கு நல்லது. ஆனால் என் கையசைவை நம்ப முடியாமல் போய்விட்டது. முன்பு டேப்பைத் தொடத் தயங்கினேன், இப்போது திரையின் அடிப்பாதியையே தொடத் தயங்குகிறேன். கட்டைவிரலுக்கு எளிதில் எட்டுகிற இடம் அதுதான், ஒரே கையில் போன் பிடித்துப் படிப்பவர்களுக்கு இது எவ்வளவு தொந்தரவு என்று சொல்ல வேண்டியதில்லை.

வரிசை எழுந்து நிற்கும்வரை அதன் மேல் விழும் தொடுதலை ஏற்காமல் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். அல்லது கட்டுரைக்குள் மட்டும் ஒளியட்டும், பட்டியலில் அசையாமல் நிற்கட்டும். அமைப்புகளில் தேடிப் பார்த்துவிட்டேன், அணைக்க வழி இல்லை.

டேப்பின் பெயர்களிலும் ஒரு உறுத்தல். தமிழில் வைத்தால் ‘சேமித்தவை’ என்பது ‘சேமித்த…’ என்று நிற்கிறது, ‘தலைப்புகள்’ என்பதில் ‘பு’வின் அடி லேசாக வெட்டுப்படுகிறது. ஐகானை வைத்துப் புரிந்துகொள்ளலாம், இருந்தாலும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது.

வாசிப்பு ஆப் தேடுகிறவர்கள் பதிவிறக்கியதும் செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். பட்டியலில் நன்றாகக் கீழே போங்கள். வேறு டேப்புக்குப் போய் வாருங்கள். ஒரு கட்டுரையைத் திறந்து பேக் செய்யுங்கள். போனைப் படுக்க வைத்து நிமிர்த்துங்கள், சாதாரணமாக ஆண்ட்ராய்டில் திரை அப்போது புதிதாகக் கட்டப்படும் என்பதால் அங்கேயும் இடம் தொலையலாம். கடைசியாகக் கேமராவைத் திறந்து நான்கு படம் எடுத்துவிட்டு வாருங்கள். நினைவகம் போதாதபோது பின்னால் இருக்கும் ஆப்பை ஆண்ட்ராய்டு மூடிவிடும், அதன் பின்னும் விட்ட இடத்தில் திறக்கிற ஆப் அபூர்வம். இந்த ஆப் முதல் மூன்றிலும் தேறியது. நான்காவதில் சில சமயம் தேறுகிறது, சில சமயம் இல்லை.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான்கு நட்சத்திரத்துக்குத் தகுதியான ஆப். விட்ட இடத்தைக் காத்த விதத்துக்கும் அந்த அம்புக்கும் ஐந்தே கொடுக்கலாம். ஆனால் இதை எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு விவரம் சரிபார்க்க முகப்பைத் திறந்தேன், ஒரே கட்டுரையைத் தொடப் போய் இரண்டு முறை தேடலுக்குள் விழுந்தேன். ஆப் கடையில் இன்று நான் போட்டிருப்பது இரண்டு நட்சத்திரம். டேப் வரிசையைப் பட்டியலில் நிலையாக நிறுத்த ஒரு சுவிட்ச் கொடுங்கள், அன்றைக்கே மாற்றிவிடுகிறேன் என்று அவர்களுக்கும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.